பதின்மூன்று வயதில் ஓர் ஆட்டம்

1956-ம் ஆண்டு அக்டோபர் 17-ம் தேதி நியூயார்க் நகரின் மார்ஷல் சதுரங்கக் கழகத்தில் ரோஸன்வால்டு கோப்பைப் போட்டியின் ஆட்டம் ஒன்று நடைபெற்றது. அமெரிக்காவின் முன்னணி ஆட்டக்காரர்கள் பன்னிருவர் அப்போட்டியில் கலந்து கொண்டிருந்தனர். அன்று வெள்ளைக் காய்களுடன் அமர்ந்தவர் டொனால்டு பைர்ன். வயது 26. 1953-ல் அமெரிக்கப் பொதுப் போட்டியில் முதலிடம் பெற்றவர். பின்னாளில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவருக்கு எதிரே கறுப்புக் காய்களுடன் அமர்ந்தவன் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த பள்ளி மாணவன் ராபர்ட் ஃபிஷர். வயது 13. அவ்வாண்டு ஜூலை மாதம் பிலடெல்பியாவில் அமெரிக்க இளைஞர் பட்டத்தை அவன் வென்றிருந்தான். அதுவரை அப்பட்டத்தைப் பெற்றவர்களுள் அவனே மிக இளையவன்.

பதினேழாவது நகர்வில் சிறுவன் தன் ராணியை எதிரியின் மந்திரி வெட்டுமாறு விட்டுவிட்டு, வேறோர் இடத்தில் தன் மந்திரியை நகர்த்தினான். சதுரங்கத்தில் ராணியை இழந்தவன் பெரும்பாலும் ஆட்டத்தையே இழந்தவன். ஆனால் நாற்பத்தோராவது நகர்வில் செக்மேட் ஆனது வெள்ளை ராஜாவே. ஹான்ஸ் க்மோக் என்ற சதுரங்க எழுத்தாளர் இதனை 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று வருணித்தார். அப்பெயர் நிலைத்து விட்டது. நூற்றாண்டின் பாதியே கழிந்திருந்த வேளையில் அவ்வாறு தீர்ப்பளித்தது சற்று மிகையே எனினும், அன்று முதல் இன்று வரை சதுரங்கப் பாடநூல்கள் இந்த ஆட்டத்தை எடுத்துக்காட்டி வருகின்றன.

இத்தகைய செய்தியைக் கேட்போர் பொதுவாக இரண்டில் ஒன்றைச் சொல்லுவர். 'அது பிறவி மேதைமை. கற்பித்து வருவதன்று' என்பது ஒன்று. 'குருட்டாம்போக்கில் வைத்தது பலித்துவிட்டது' என்பது மற்றொன்று. இரண்டும் ஆராயத்தக்கவை, வகுப்பறையில் நிற்பவருக்கு முதலாவது மிக முக்கியமானது. ஒரு பதின்மூன்று வயது மாணவனின் மனத்தில் நிகழ்ந்தது இன்னதென ஓரளவேனும் விளக்க முடியுமானால், அது சதுரங்கத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. கற்றலைப் பற்றிய செய்தியும் ஆகும். அதற்கு, அந்த ஆட்டம் எவ்விதம் தொடங்கிற்று என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நடுக் கட்டங்கள் நான்கு

ஆட்டத்தை நன்கறிந்தவர்களுக்கும், சிறு வயதில் ஆடி மறந்தவர்களுக்கும் பொதுவாகச் சில சொற்களை வரையறுத்துக் கொள்வது நலம். மூலையில் நிற்பது யானை, அடுத்தது குதிரை, அதற்கும் அடுத்து நின்று மூலைவாட்டில் செல்வது மந்திரி. சில ஊர்களில் ராணியையே மந்திரி என்றழைக்கும் பழைய வழக்கம் உண்டு. இங்கு அவ்வாறு கொள்ளலாகாது. முன் வரிசையில் நிற்பவை எட்டுச் சிப்பாய்கள். சிப்பாயின் மதிப்பு 1 என்றால் குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 எனக் கொள்வது பள்ளிக் கணக்கு. கட்டங்களைக் குறிக்க, வெள்ளையின் இடக்கோடியிலிருந்து எட்டு நெடுவரிசைகளுக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்ற எழுத்துக்களும், வெள்ளையின் பக்கத்திலிருந்து எட்டுக் குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்களும் வழங்கப்படுகின்றன.

டி4, ஈ4, டி5, ஈ5 ஆகிய நான்கும் பலகையின் நடுக் கட்டங்கள். அங்கு நிற்கும் குதிரைக்கு எட்டுத் திசையும் வழி உண்டு. மூலையில் நிற்கும் குதிரைக்கு இரண்டே வழி. ஆகவே நடுவிடத்தைத் தன் சிப்பாய்களால் நிரப்பிக் கொள்பவனுக்கே மேன்மை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆசிரியர்கள் போதித்தனர். முதல் உலக யுத்தத்திற்குப் பின் மத்திய ஐரோப்பாவில் தோன்றிய ஓர் இளைஞர் குழு இதனை மறுத்தது. எதிரி நடுவிடத்தை நிரப்பட்டும்; அவ்வாறு முன்னேறிய சிப்பாய்களைக் காக்கும் பொறுப்பும் அவனையே சாரும்; தொலைவிலிருந்து அவற்றைத் தாக்கினால் பலமே பாரமாகிவிடும் என்பது அவர்கள் வாதம். ஏரிக்கரையை உயர்த்திக் கட்டியவன் மழைக்காலம் முழுவதும் அதனைக் காவல் காக்கவும் வேண்டியிருப்பது போன்றது இது.

வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்டு என்பவர் 1922-ல் இவ்வாதத்தை ஒரு முழுத் தொடக்க முறையாக ஆடிக் காட்டினார். கறுப்பின் ஜி-சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறும். அது விட்ட இடத்தில், ஜி7-ல், மந்திரி அமரும். அங்கிருந்து டி4 வழியாக எதிர் மூலை வரை நீண்ட கோடு முழுவதும் அதன் பார்வையில் இருக்கும். பின்னர் கறுப்பு டி5-க்குச் சிப்பாயைத் தள்ளி, அதனைப் பரிமாற்றத்துக்கு விட்டு, வெள்ளை டி4-லும் ஈ4-லும் சிப்பாய்களை நாட்டிக் கொள்ள இடமளிக்கும். அதன்பின் அவ்விரு சிப்பாய்களையும் இடிப்பதே கறுப்பின் வேலை. அதே ஆண்டில் வியன்னாவில் அலெகைனை இம்முறையால் குரூன்ஃபெல்டு வென்றார். அலெகைன் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உலக சாம்பியனானவர் என்பதால் அவ்வெற்றி முறைக்கே ஒரு நற்சான்றாயிற்று. அது முதல் இது குரூன்ஃபெல்டு தற்காப்பு என அழைக்கப்படுகிறது.

கல்கத்தாவில் ஒரு முன்னோடி

பெயர் வியன்னாவினுடையது, வழக்கு அதனினும் பழையது. 1840-களின் இறுதியில் கல்கத்தாச் சதுரங்கக் கழகத்தின் உறுப்பினர் ஒருவர், வங்காளத்தின் உட்பகுதியில் தோல்வியே அறியாத ஓர் ஆட்டக்காரரைக் கண்டு நகருக்கு அழைத்து வந்தார். அவர் மகேஷ் சந்திர பானர்ஜி. கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அக்காலத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர். இருவரும் பல ஆண்டுகள் ஆடினர்; நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் 1855-ம் ஆண்டைச் சேர்ந்த ஒன்றில் பானர்ஜி கறுப்புக் காய்களுடன் முதல் நகர்வில் குதிரையை எஃப்6-லும், இரண்டாவதில் சிப்பாயை ஜி6-லும், மூன்றாவதில் சிப்பாயை டி5-லும் வைத்தார். பின்னர் மந்திரியை ஜி7-ல் அமர்த்தி, குதிரைகளைப் பரிமாறி, சி-சிப்பாயால் நடுவிடத்தை இடித்தார். குரூன்ஃபெல்டு முறை என்று இன்று கற்பிக்கப்படுவது இதுவே. வியன்னாக்காரர் பிறப்பதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அது ஹூக்ளி நதிக்கரையில் ஆடப்பட்டு விட்டது.

வங்காளத்து ஆட்டக்காரருக்கு இது எவ்வாறு தோன்றியது என்பதற்குச் சதுரங்க வரலாற்று ஆசிரியர்கள் கூறும் காரணம் பொருத்தமாகவே உள்ளது. ஐரோப்பிய விதிப்படி சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லலாம். நம் நாட்டின் பழைய முறையில் பெரும்பாலும் ஒரு கட்டமே செல்லும். சிப்பாய்கள் மெதுவாக நகரும் ஆட்டத்தில் நடுவிடத்தை உடனே பிடிக்க இயலாது. ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி மந்திரிக்கு நீண்ட கோட்டைத் திறந்து விடுவதே இயல்பான வழி. பழகிய விதி மாறிய பின்னும் பழகிய கை மாறவில்லை. ஜி6, பி6 ஆகிய நகர்வுகளால் கறுப்பு ஆடும் தொடக்கங்களின் குடும்பத்திற்கு உலகெங்கும் 'இந்தியத் தற்காப்பு' என்ற பொதுப் பெயர் வழங்குவது இதனால்தான்.

அந்த 1855-ம் ஆண்டு ஆட்டத்தில் பானர்ஜி தோற்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தொடக்கம் பழுதற்றதே, நடு ஆட்டத்தில் ஒரு குதிரையை ஓரத்திற்கு நகர்த்திய ஒரே பிழையால் ஆட்டம் முடிந்தது. காக்ரேன் தன் குதிரையாலும் ராணியாலும் ஒரே சமயத்தில் செக் வைத்தார். கறுப்பு ராஜா மூலைக்கு ஒதுங்கியது. உடனே காக்ரேன் ராணியை அந்த ராஜாவின் அருகிலேயே கொண்டு போய் வைத்தார். அதனை யானையால் வெட்டுவதன்றிக் கறுப்புக்கு வேறு வழி இல்லை. வெட்டியதும் யானை, மந்திரி, சிப்பாய் ஆகிய சொந்தக் காய்களாலேயே ராஜா முற்றிலும் அடைபட்டது. வெள்ளைக் குதிரை மீண்டும் தாவிச் செக் வைக்க, அதுவே மேட் ஆயிற்று. தன் படையே தனக்குச் சிறையாகும் இந்த முடிவு, ஸ்பெயின் நாட்டின் லூசேனா 1497-ல் வெளியிட்ட நூலிலேயே காணப்படும் பழைய உருவம். வாசகர்கள் இதனை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். நியூயார்க் ஆட்டத்தில் இது மீண்டும் வருகிறது.

நியூயார்க் ஆட்டம்

பைர்னும் ஃபிஷரும் ஆடிய ஆட்டம் நேர்வழியில் குரூன்ஃபெல்டு முறைக்கு வரவில்லை. பைர்ன் குதிரையை முதலில் நகர்த்தினார். சிறுவன் ஜி7-ல் மந்திரியை அமர்த்தி, நான்காவது நகர்விலேயே கோட்டை கட்டி, ராஜாவைப் பத்திரப்படுத்திக் கொண்டான். ஐந்தாவது நகர்வில் டி5-க்குச் சிப்பாயைத் தள்ளியதும் ஆட்டம் குரூன்ஃபெல்டு உருவத்தை அடைந்தது. எட்டாவது நகர்வில் வெள்ளைச் சிப்பாய்கள் டி4-லும் ஈ4-லும் அருகருகே நின்றன. வெள்ளை ராணியும் முன்னே வந்து, பத்தாவது நகர்வில் சி5-ல் நின்றது. பார்வைக்கு வெள்ளையின் நிலை கம்பீரமானது. ஆனால் வெள்ளை ராஜா இன்னும் நடு வரிசையில், ஈ1-ல்தான் இருந்தது. அதன் வலப்புறத்து மந்திரியும் யானையும் பிறந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பதினோராவது நகர்வில் பைர்ன், ஏற்கெனவே வெளிவந்திருந்த மந்திரியை மறுபடியும் நகர்த்தி ஜி5-ல் வைத்தார். வெளிவராத காய் இருக்க, வெளிவந்த காயை இரண்டாம் முறை நகர்த்தலாகாது என்பது தொடக்க மாணவனுக்குச் சொல்லும் பாடம். தேர்ந்தவர்களும் தக்க காரணம் கண்டு இவ்விதியை மீறுவதுண்டு. இங்கு அந்தக் காரணம் போதவில்லை.

சிறுவனின் பதில் யாரும் எதிர்பாராதது. குதிரையைப் பலகையின் இடது ஓரத்தில், ஏ4-ல், வெள்ளைக் குதிரை உடனே வெட்டக்கூடிய இடத்தில் வைத்தான். அது வெள்ளை ராணியைத் தாக்கியது. வெட்டினால் என்ன ஆகும்? சி3-ல் இருந்த குதிரைதான் ஈ4-ல் உள்ள சிப்பாயின் காவல். அது விலகியவுடன் கறுப்பின் மற்றொரு குதிரை அச்சிப்பாயை வெட்டி, வெள்ளையின் ராணியையும் மந்திரியையும் ஒரே பாய்ச்சலில் மிரட்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைக்கு நட்டம். பைர்ன் இதனைக் கண்டுகொண்டு, வெட்டாமல் ராணியைப் பின்வாங்கினார். குதிரைகள் பரிமாறப்பட்டன. பதின்மூன்றாவது நகர்வில் சிறுவன் ஈ4-ல் இருந்த சிப்பாயை வெட்டினான். குரூன்ஃபெல்டு முறையின் நோக்கம் இங்கு நிறைவேறியது: நடுவிடத்தின் இரு தூண்களுள் ஒன்று சாய்ந்தது, வெள்ளை ராஜா நிற்கும் ஈ-வரிசையும் திறக்கலாயிற்று. இதுவரை நிகழ்ந்ததில் விந்தை ஏதுமில்லை. தொடக்க முறையின் தர்க்கம் தன் வழியே சென்றது, அவ்வளவே.

பதினாறாவது நகர்வில் பைர்ன் தன் மந்திரியைச் சி5-க்குக் கொண்டு வந்து கறுப்பு ராணியைத் தாக்கினார். அதே சமயம் அவருடைய ராணி, சி3-ல் இருந்த கறுப்புக் குதிரையையும் தாக்கிக் கொண்டிருந்தது. சிறுவன் யானையால் செக் வைத்தான். வெள்ளை ராஜா எஃப்1-க்கு நகர்ந்தது. இப்போது கறுப்பின் ராணியும் குதிரையும் ஒருங்கே ஆபத்தில் உள்ளன. ராணியைக் காப்பாற்றினால் குதிரை போகும். குதிரையைக் காப்பாற்றினால் ராணி போகும். சிறுவன் இரண்டையும் தொடாமல், ஜி4-ல் இருந்த மந்திரியை ஈ6-க்கு நகர்த்தினான்.

இந்த நகர்வின் உட்பொருளைக் காண, வெள்ளை அந்த மந்திரியை வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வேண்டும். கறுப்பு ராணி பி5-ல் செக் வைக்கும். வெள்ளை ராஜா ஜி1-க்குப் போகும். குதிரை ஈ2-ல் செக். ராஜா மீண்டும் எஃப்1. குதிரை ஜி3-க்குத் தாவ, குதிரையும் ராணியும் ஒரே சமயத்தில் செக். ராஜா மீண்டும் ஜி1. இப்போது கறுப்பு ராணி எஃப்1-ல், ராஜாவின் அருகிலேயே, போய் நிற்கும். யானை அதனை வெட்டியே தீர வேண்டும். வெட்டியதும் இரு யானைகளுக்கும் மூன்று சிப்பாய்களுக்கும் இடையே ராஜா அடைபடும். குதிரை ஈ2-க்குத் திரும்பினால் மேட். கல்கத்தாவில் காக்ரேன் ஆடிய அதே உருவம்! 101 ஆண்டுகளுக்குப் பின், நிறம் மாறி, பலகையில் தோன்றாமலே ஓர் அச்சுறுத்தலாக அது செயற்பட்டது.

பைர்ன் அந்த வலையில் விழவில்லை. மந்திரியை விட்டுவிட்டு ராணியை வெட்டினார். அதன்பின் நடந்தது நம் நாட்டு ஏற்றத்தை நினைவூட்டுவது. கறுப்பு மந்திரி சி4-ஐ வெட்டிச் செக் வைக்கிறது, ராஜா ஜி1. குதிரை ஈ2-ல் செக்; ராஜா எஃப்1. குதிரை டி4-ல் இருந்த சிப்பாயை வெட்டி விலக, பின்னாலிருக்கும் மந்திரியின் செக் வெளிப்படுகிறது, ராஜா ஜி1. குதிரை மறுபடியும் ஈ2. ராஜா மறுபடியும் எஃப்1. குதிரை சி3-க்குத் திரும்புகையில் மீண்டும் மந்திரியின் செக், ராஜா ஜி1. ஏற்றச்சால் ஏறியும் இறங்கியும் நீரை இறைப்பது போல, ராஜா இரண்டு கட்டங்களுக்கிடையே ஏறி இறங்க, கறுப்பு தன் வேலையை முடித்துக் கொள்கிறது. அதன்பின் சிறுவன் நிதானமாகத் தன் ராணியை வெட்டிய மந்திரியை ஒரு சிப்பாயால் வெட்டினான். அதனால் திறந்த ஏ-வரிசையில் அவன் யானை வெள்ளை ராணியைத் தாக்கியது. இரண்டு நகர்வுகளுக்குப் பின் குதிரை ஒரு யானையையும் வெட்டியது.

கணக்கைப் பார்த்தால், கொடுத்தது ராணி, அதாவது 9. பெற்றது ஒரு யானை, இரு மந்திரிகள், ஒரு சிப்பாய், அதாவது 12. தொடர்ந்து மேலும் இரு சிப்பாய்கள் விழுந்தன. 'தியாகம்' என்று ஏடுகள் புகழ்ந்த அந்த நகர்வு, கணக்குப் புத்தகத்தில் இலாபமாகவே பதியத்தக்கது.

எஞ்சிய ஆட்டத்தில் வெள்ளை ராணி பி8-ல் தனித்து நிற்க, கறுப்பின் யானை, இரு மந்திரிகள், குதிரை ஆகிய நான்கும் சேர்ந்து வெள்ளை ராஜாவை ஜி1-லிருந்து சி1 வரை விரட்டி, 41-வது நகர்வில் மேட் செய்தன. தேர்ந்த ஆட்டக்காரர்கள் தோல்வி உறுதியானதும் ஆட்டத்தைக் கைவிடுவது மரபு. பைர்ன் அவ்வாறு செய்யாமல் கடைசி நகர்வு வரை ஆடினார். சிறுவனுக்கு அந்த முடிவைப் பலகையிலேயே காணும் பேறு கிடைக்கட்டும் என்று அவர் எண்ணியதாகக் கூறுவர்.

எவ்வாறு கண்டான்?

கணக்கிட்டுத்தான் கண்டான் என்று சொல்வது எளிது. ஆனால் எதனைக் கணக்கிடுவது? 1950-ல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கணிப்பொறியைச் சதுரங்கம் ஆடச் செய்வது பற்றிய கட்டுரையில் ஒரு மதிப்பீட்டைத் தந்தார். ஒரு நிலையில் சராசரியாக 30 நகர்வுகள் சாத்தியம். எனவே வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு நகர்வுகளுக்கு ஏறத்தாழ 1,000 வழிகள். நாற்பது இணை நகர்வுகள் கொண்ட ஆட்டத்திற்கு, 1-க்குப் பின் 120 பூஜ்யங்கள் இட்ட எண்ணிக்கை வரும். ஃபிஷர் ஆடிய அதே 1956-ல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் 'மேனியாக்' கணிப்பொறிக்குச் சதுரங்கம் கற்பிக்கப்பட்டது. மந்திரிகளை நீக்கி, 36 கட்டங்களாகப் பலகையைச் சுருக்கியும், ஒவ்வொரு பக்கமும் இரண்டு நகர்வுகள் வரை மட்டுமே அதனால் முன்னோக்க முடிந்தது. ஒரு நகர்வுக்குச் சுமார் 12 நிமிடங்கள் தேவைப்பட்டன. ஆட்டத்தை ஒரு வாரத்திற்கு முன் கற்றுக்கொண்ட ஒருவரை அது வென்றது. இன்றைய கணிப்பொறி, ஃபிஷரின் பதினேழாவது நகர்வைச் சில நொடிகளில் காட்டிவிடும். ஆனால் அது இலட்சக்கணக்கான நிலைகளைப் புரட்டிக் காண்கிறது. பதின்மூன்று வயதுச் சிறுவனால் அவ்வாறு செய்திருக்க முடியாது.

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஹாலந்து நாட்டு உளநூல் அறிஞர் அட்ரியான் டி குரோட். தாமே நல்ல ஆட்டக்காரரான அவர், உலகப் புகழ் பெற்றவர்களையும் சாதாரண ஆட்டக்காரர்களையும் ஒரே நிலையின் முன் அமர்த்தி, எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லுமாறு கேட்டார். 1946-ல் வெளியான அவரது ஆராய்ச்சியின் முடிவு பலருக்கு வியப்பளித்தது. மேதைகள் மற்றவர்களைவிட மிக அதிக தூரம் முன்னோக்கவில்லை. மிக அதிக வழிகளைப் பார்க்கவுமில்லை. அவர்கள் தக்க வழிகளை மட்டும் பார்த்தனர். ஓர் ஆட்ட நிலையைச் சில விநாடிகள் காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னபோது மேதைகள் ஏறத்தாழ முழுவதையும் அடுக்கினர். வலுக் குறைந்தவர்கள் பாதியளவு கூடச் செய்யத் திணறினர்.

இது வெறும் ஞாபகசக்தியா? 1973-ல் பிட்ஸ்பர்க் நகரில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதனைச் சோதித்தனர். உண்மையான ஆட்ட நிலைகளுடன், காய்களைத் தாறுமாறாகப் பரப்பிய நிலைகளையும் காட்டினர். தாறுமாறான நிலைகளில் மேதையின் மேன்மை ஏறத்தாழ மறைந்தே போயிற்று. பிற்காலச் சோதனைகளில் சிறிதளவு எஞ்சுவது காணப்பட்டதாயினும், முக்கிய முடிவு மாறவில்லை. மேதை தனித்தனிக் காய்களைக் காண்பதில்லை. பழகிய தொகுதிகளைக் காண்கிறான். எழுத்தறிந்தவன் எழுத்துக்களைக் கூட்டாமல் சொல்லையே காண்பது போல என்று கொள்ளலாம். அத்தகைய தொகுதிகள் பல பதினாயிரக்கணக்கில் மேதையின் நினைவில் இருக்க வேண்டும் என மதிப்பிடப்பட்டது.

இந்த முடிவை வைத்து நியூயார்க் ஆட்டத்தைத் திரும்பிப் பார்த்தால் புதிர் பெருமளவு விலகுகிறது. ராஜா எஃப்1-ல், தன் யானையாலும் சிப்பாய்களாலும் நெருக்குண்டு நிற்கிறது; அருகே கறுப்புக் குதிரை; எட்டும் தூரத்தில் கறுப்பு ராணி. லூசேனா காலத்து உருவத்தை நன்கு பழகியவனுக்கு இந்த அமைப்பே ஒரு சைகை. அங்கு போய்ச் சேரும் வழி உண்டா என்று முடிவிலிருந்து பின்னோக்கி அவன் தேடியிருந்தால், பார்க்க வேண்டிய கிளைகள் மிகச் சில. அவையும் பெரும்பாலும் செக்குகள். ஒவ்வொரு செக்குக்கும் பதில் ஒன்றோ இரண்டோதான். அதிசயமான கணக்கு என்பது இவ்விடத்தில் குறுகிய கணக்காகி விடுகிறது. ஆனால் அதனைத் தொடங்கவேண்டிய இடம் அதுவே எனக் காட்டியது பயிற்சி.

அப்பயிற்சி எத்தனை காலத்தது என்பதும் தெரிந்ததே. ஆறாவது வயதில், கடையில் வாங்கிய ஒரு சதுரங்கப் பெட்டியை வைத்துக் கொண்டு தன் சகோதரியுடன் அவன் ஆட்டத்தைக் கற்றான். 1951 ஜனவரியில், ஒரே சமயத்தில் பலருடன் ஆடிய ஒரு தேர்ந்த ஆட்டக்காரரிடம் விரைவிலேயே தோற்றான். அங்கு அவனைக் கண்ட கார்மைன் நீக்ரோ தம் புரூக்ளின் கழகத்தில் சேர்த்துக் கற்பித்தார். 1956-ல் ஜாக் காலின்ஸ் என்ற மற்றோர் ஆசிரியரின் இல்லமும் அவனுக்குத் திறந்தது. அந்த முதல் தோல்விக்கும் 'நூற்றாண்டின் ஆட்ட'த்திற்கும் இடையே ஐந்தே முக்கால் ஆண்டுகள். நாள்தோறும் ஆட்டம், நாள்தோறும் நூல்கள். இவ்வளவு பயின்ற எல்லாச் சிறுவர்களும் ஃபிஷர் ஆகிவிடவில்லை என்பது உண்மையே. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைச் சேஸும் சைமனும் மறுக்கவில்லை. ஆனால் பயிலாத எவரும் அவ்வாறு ஆனதில்லை.

புகழ்ந்து கூறுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்றும் உண்டு. அந்த ரோஸன்வால்டு போட்டியில் ஃபிஷர் ஆடிய ஆட்டங்கள் 11. பெற்ற புள்ளிகள் 4½. முதலிடம் ரெஷெவ்ஸ்கிக்குச் சென்றது. ஒரே போட்டியில், ஒரே சிறுவன், நூற்றாண்டின் ஆட்டத்தையும் ஆடினான்; பாதிக்கு மேற்பட்ட புள்ளிகளை இழக்கவும் செய்தான். ஒரு சிறந்த விடைத்தாளை மட்டும் கண்டு மாணவனை அளப்பவர்களும், ஒரு மோசமான மதிப்பெண்ணை மட்டும் கண்டு அளப்பவர்களும் இவ்விரு எண்களையும் சேர்த்துப் பார்க்கலாம். பதினைந்தே மாதங்களில், 1958 ஜனவரியில், அவன் அமெரிக்க சாம்பியனானான். அதே ஆண்டு கிராண்ட்மாஸ்டர் பட்டமும் கிடைத்தது. 1963 டிசம்பரில் டொனால்டு பைர்னின் மூத்த சகோதரர் ராபர்ட் பைர்னை, இதே குடும்பத்தைச் சேர்ந்த தற்காப்பினால் 21 நகர்வுகளில் வென்றார். விளக்கவுரை கூறிக்கொண்டிருந்தவர்கள் வெள்ளைதான் வெல்கிறது என்று எண்ணிய நேரத்தில் வெள்ளை ஆட்டத்தைக் கைவிட்டது! 1972-ல் ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரில் போரிஸ் ஸ்பாஸ்கியை வென்று உலக சாம்பியனான ஃபிஷர், 2008-ல் அதே நகரில் காலமானார்.

குரூன்ஃபெல்டு தற்காப்பு இன்றும் ஆடப்படுகிறது. அது எப்போதும் வெற்றி தருவதில்லை. 1987-ல் இளைஞர் உலகப் பட்டம் வென்ற விசுவநாதன் ஆனந்த், 2010-ல் ஸோஃபியா நகரில் தம் உலகப் பட்டத்தைக் காக்கும் பந்தயத்தின் முதல் ஆட்டத்தில் இம்முறையை ஆடித் தோற்றார்; பந்தயத்தை 6½-5½ என வென்றார்.

பள்ளிகளில் சதுரங்கக் குழு நடத்தும் ஆசிரியர்கள், பதினேழாவது நகர்வின் நிலையை மாணவர் முன் அடுக்கிக் காட்டலாம். வெள்ளை: ராஜா எஃப்1, ராணி ஏ3, யானைகள் டி1, எச்1, மந்திரிகள் சி4, சி5, குதிரை எஃப்3, சிப்பாய்கள் ஏ2, டி4, எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா ஜி8, ராணி பி6, யானைகள் ஏ8, ஈ8, மந்திரிகள் ஜி4, ஜி7, குதிரை சி3, சிப்பாய்கள் ஏ7, பி7, சி6, எஃப்7, ஜி6, எச்7. நகர்த்த வேண்டியது கறுப்பு. காக்ரேனின் கல்கத்தா ஆட்ட முடிவை ஒரு பிரிவு மாணவர்களுக்கு முந்திய நாளே ஆடிக் காட்டி, மற்றொரு பிரிவுக்குக் காட்டாமல் வைத்து, இரு பிரிவினரும் ஈ6-ஐக் கண்டுகொள்ள எடுத்துக் கொள்ளும் நேரத்தைத் தனித்தனியே குறித்து வைக்கலாம்.